மலைமேல் வாங்கிய கடல் பட்டம்

ஜமுனாமரத்தூரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. டீக்கடையிலும் வாரச் சந்தையிலும் நான் 'சிஸ்டர் வூட்டுக்காரரு'. என் மனைவி அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை நிரந்தரமானபோது இடம் மலையில் கிடைத்தது. மூன்று வருடமாவது இருந்தால்தான் இடமாறுதல் கேட்க முடியும் என்றார்கள். நான் அவளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தவன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் வளைகுடா நாட்டில் ஒரு வேக்போர்டிங் பூங்காவில் வேலை பார்த்தேன். கலசப்பாக்கத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய எனக்கு, அங்கே உயிர்காக்கும் காவலனாகத்தான் முதலில் வேலை. பிறகு பயிற்சியாளன் ஆனேன். பெரிய செயற்கைக் குளம், தலைக்குமேல் கம்பி வடம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து தொங்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதம் இரண்டும் ஒரு பலகையில் திருகிப் பொருத்திய கனமான பூட்ஸுக்குள் இருக்கும். வடம் இழுக்க, தண்ணீர்மேல் வழுக்கிப் போக வேண்டியதுதான். விழுந்தால் கைப்பிடியை விட்டுவிடலாம். அத்தோடு எல்லாம் நின்றுவிடும். ஒன்பது வருடத்தில் என் கால்கள் தரையில் இருந்த நேரத்துக்குச் சமமாகப் பலகையிலும் இருந்திருக்கும்.

அந்த இடத்தில் வேறு ஏதோ கட்டப் போவதாகச் சொல்லிப் பூங்காவை மூடினார்கள். நான் ஊர் திரும்பிய அதே வருடம் அவளுக்கு மலை.

குடியிருப்பு இரண்டு அறை. சன்னலைத் திறந்தால் எதிரே மலைச்சரிவு, அதற்குப் பின்னால் இன்னொரு சரிவு. அவள் காலையில் எட்டு மணிக்குப் போய்விடுவாள். நான் சமைப்பேன், துவைப்பேன், ஏரிவரைக்கும் நடப்பேன். ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் கால்மிதிப் படகில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கரையில் நின்று ஏரியின் நீளத்தைக் கண்ணால் அளப்பேன். இரண்டு கோபுரம் நட்டு ஒரு சின்ன வடம் கட்டக்கூட அது போதாது. இது தெரிந்தும் தினமும் அளந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அவள் மதியம் சாப்பிட வரும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

வேலை எதுவும் கிடைக்காமல் இல்லை. கிடைத்த எல்லாம் கீழே, சென்னையில், அதற்கும் அப்பால். அவளைத் தனியாக விட்டுப் போகவும் மனம் வரவில்லை, அங்கேயே இருக்கவும் முடியவில்லை. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. கீழே என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் மதியம்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் இது வெறும் சலிப்பு இல்லை, மூச்சு முட்டுகிறது என்று எனக்குப் புரிந்தது.

பங்குனியில் ஒரு போன் வந்தது. பூங்காவில் என்னிடம் பயிற்சி எடுத்து, பிறகு என்னோடே வேலை பார்த்தவன். தூத்துக்குடிக்காரன், என்னைவிட ஏழு வயது சின்னவன். இப்போது தெற்கே கடற்கரையில் கைட்போர்டிங் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறான். அதுவும் பலகைதான், தண்ணீர்தான். ஆனால் வடத்துக்குப் பதிலாக ஒரு பெரிய பட்டம் இழுக்கும். ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே நின்று பேசினேன்.

"வைகாசில காத்து எறங்கிரும்ணே, புரட்டாசி வரைக்கும் விடாம அடிக்கும். எனக்கு ஒரு ஆள் வேணும். சொந்தமா சாமான் வாங்கிட்டு வந்து ரெண்டு வாரம் பழகுங்க. பெறகு நீங்களே சொல்லிக் குடுக்கலாம்."

"இன்னா சாமான் வாங்கணும் சொல்லு."

"பூட்ஸ் வேண்டாம்ணே. பட்டை வச்ச போர்டு எடுங்க, செருப்பு மாதிரி கால நுழைச்சு எடுக்கிற மாதிரி. கைட்டு புது வகையா பாருங்க. கையில பிடிக்கிற கம்பியத் தள்ளிவிட்டா காத்து வடிஞ்சிரணும். நல்லா வளைஞ்சு நிக்கிற பழைய வகை ஒண்ணு இருக்கு, அது சட்டுன்னு இழுக்கும், விடாது. அத எடுத்துராதீங்க. வேக்போர்டு ஆளுங்க எல்லாரும் அதத்தான் மொதல்ல பாப்பாங்க."

சரி என்று சொல்லிவிட்டு, அவன் வேண்டாம் என்ற இரண்டையும் வாங்கினேன்.

ஏன் என்று இப்போது சொல்ல முடிகிறது. கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் முதல்முறை விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறி இருமியபோது முதுகில் தட்டியவன் நான். அவன் எனக்குச் செருப்பு போட்டு ஆரம்பி என்கிறான். இணையத்தில் தேடினால், வேக்போர்டிலிருந்து போனவர்கள் எல்லாம் பூட்ஸோடு, அந்தப் பழைய வகைப் பட்டத்தோடுதான் வானத்தில் சுழன்றார்கள். அது வடம்போலவே இழுக்கும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். புதிதாக எதையும் கற்க எனக்கு விருப்பமில்லை. போனது திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து பார்சல் போளூர்வரை வந்தது. மலைக்குக் கொண்டுவர மாட்டோம் என்றுவிட்டார்கள். நானே போய் எடுத்துவந்தேன். ஆள் நீளப் பை. பஸ்ஸில் கடைசி இருக்கைக்குப் பின்னால் அதைச் சாய்த்தபோது கண்டக்டர் கேட்டார்.

"இன்னா சார் உள்ள?"

"பட்டம்."

"பட்டமா? ஆள வச்சி தெச்ச மாதிரி கீது."

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் பையைப் பிரித்தேன். கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் கால்களை நுழைத்து, கயிறுகளை இழுத்துக் கட்டி, பட்டைகளை மாட்டினேன். கணுக்கால்வரை அந்தப் பிடி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பில் பட்டத்தின் இழுப்பைத் தாங்கும் அகலமான கச்சையைக் கட்டினேன். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த என் பழைய மிதவைச் சட்டையை அதற்குமேல் போட்டால் கச்சையின் கொக்கி மூடிப்போனது. கச்சையை மேலே கட்டினால் சட்டை கழுத்துக்கு ஏறியது. இப்படி மல்லுக்கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மதியம் ஆகிவிட்டது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் ஒரே பலகையில். முடிச்சு இறுகியிருந்தது. அவள் மறுபடி தட்டினாள், கூப்பிட்டாள். நான் குதித்துக் குதித்துக் கதவுவரை போகப் பார்த்து, நடுவில் கவிழ்ந்து, தரையில் கிடந்தபடியே கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். பலகையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"தண்ணியில வுழுந்தாலும் இத அவுக்க இவ்ளோ நேரம் ஆவுமா?"

"தண்ணியில அவுக்கத் தேவயில்ல. கயிற வுட்டா போதும்."

"இதுலயும் கயிறு கையிலயா கீது? இடுப்புலதான மாட்டி வச்சிருக்கீங்க?"

சாப்பாடு ஆறுது என்று பேச்சை மாற்றினேன்.

வைகாசிக்கு இன்னும் நாள் இருந்தது. சித்திரையில், கோடை மழைக்கு முன்னால், மதியத்துக்குமேல் மலையில் காற்று திடீர் திடீரென்று எழும்பும். எங்கள் குடியிருப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாமை விதைக்கும் நிலம் ஒன்று தரிசாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தது என் மனைவி என்பதால் எங்கள்மேல் பிரியம். தனியாகத் தரையில் பட்டத்தை ஏற்றாதீர்கள் என்று தூத்துக்குடிக்காரன் சொல்லித்தான் இருந்தான். நான் தனியாக இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

காற்றடைத்து நிமிர்த்தினால் பட்டம் ஒரு கூரைபோல இருந்தது. நான்கு கயிறுகளும் இருபத்து நான்கு மீட்டர். அவர் அந்த முனையில் பட்டத்தின் விளிம்பைப் பிடித்து நின்றார். நான் இந்த முனையில் கைப்பிடிக் கம்பியின் வளையத்தை என் கச்சைக் கொக்கியில் மாட்டினேன். அந்த வளையத்துக்குமேல் சிவப்பாக ஒரு பிடி இருக்கும். ஆபத்தில் அதைத் தள்ளினால் வளையம் திறந்து பட்டம் செத்து விழ வேண்டும். அதை ஒருமுறையாவது தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"வுடுங்க," என்றேன்.

அவர் விட்டார். பட்டம் நேராக ஏறியது. என் தலைக்குமேல் வந்து நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மலையேறி வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு லேசு உடம்பில் வந்தது.

பிறகு காற்று ஒரு வீச்சு வீசியது. கயிறு இழுத்தால் கைப்பிடியை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடி என்று ஒன்பது வருடம் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுத்தேன். என் கை அதையே செய்தது. ஆனால் இந்தக் கம்பியை உள்ளே இழுப்பது வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்குச் சமம். பட்டம் பக்கவாட்டில் பாய்ந்தது. நான் முகம் தரையில் பட விழுந்தேன். சாமை அறுத்த கட்டைகள்மேல் உடம்பு தேய்ந்துகொண்டே போனது. எவ்வளவு இழுத்ததோ அவ்வளவு இறுக்கிப் பிடித்தேன். எவ்வளவு பிடித்தேனோ அவ்வளவு இழுத்தது. நிலத்தின் ஓரக் கல்வரப்பில் மோதித்தான் நின்றேன். பட்டம் வரப்புக்கு அந்தப் பக்கம் பலாமரத்தில் சிக்கியிருந்தது.

அத்தோடு முடியவில்லை. மரத்தில் மாட்டாத பாதிப் பட்டம் ஒவ்வொரு காற்றுக்கும் உப்பி எழுந்தது. எழும்போதெல்லாம் கயிறு விறைத்து என் இடுப்பைக் கல்லோடு சேர்த்து அழுத்தியது. கம்பியை விட்டுவிட்டேன். பயனில்லை, இழுப்பு கையில் இல்லை, கச்சையில். சிவப்புப் பிடியைத் தள்ளினேன். நகரவில்லை. எந்தக் கடலின் உப்பும் மணலுமோ உள்ளே இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். அடுத்த வீச்சுக்கு முன் கிடைக்கும் சின்ன இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டேன். மரம் பிடித்த பிடியை விட்டால் வரப்பைத் தாண்டி நான் எங்கே போவேன் என்று தெரியும். அந்தப் பக்கம் சரிவு.

அவர் ஓடி வந்தார். கையில் கொடுவாள்.

"எத வெட்றது சொல்லு சார்."

"எல்லாத்தையும்."

நான்கையும் வெட்டினார். இடுப்பு லேசானதும் நான் அப்படியே கிடந்தேன். எழுந்திருக்கச் சொன்னார், எழவில்லை. எவ்வளவு நேரம் மாட்டிக்கிடந்தேன் என்று கேட்டேன்.

"ஒரு பீடி குடிக்கிற நேரம் கூட இருக்காது," என்றார்.

முழங்கைக்குக் கீழே ஆறு தையல். அவளே போட்டாள். மற்ற நோயாளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கே ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தத் தம்பி இதத்தான் வாங்கச் சொன்னாரா?"

"இல்ல. இத வேணாம்னான்."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

"அவன் என்கிட்ட கத்துக்கினவன்."

அவள் என் கைக்கட்டு நழுவியிருந்ததைச் சரிசெய்தாள். பிறகு, "நான் உங்கள இங்க கட்டிப் போட்டு வச்சிருக்கேன்னு நெனக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் காபியைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"எனக்கு மட்டும் இன்னா, இங்கயே இருக்கணும்னு வேண்டுதலா? நீங்க ஏரிக்குப் போறீங்க, சந்தைக்குப் போறீங்க. நான் அந்த வார்டுக்கும் இந்த வூட்டுக்கும்தான் நடக்கறேன். கீழ போணும்னு எனக்கும்தான் இருக்குது. யார்கிட்ட சொல்றது? சொன்னா நீங்க இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிப்பீங்க."

இரண்டு வருடமாக நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தூத்துக்குடிக்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை.

"ஆசையெல்லாம் ஒருபக்கம் வைங்கண்ணே. எடையச் சொல்லுங்க."

"எழுபத்தெட்டு."

"இங்கத்த காத்துக்குப் பன்னெண்டு சதுர மீட்டர் கைட்டு சரியா இருக்கும். ஒண்ணு போதும், சின்னது பெறகு பாத்துக்கலாம். போர்டு உங்க நெஞ்சளவு நீளம் இருக்கட்டும். வேக்போர்டு மாதிரி கனமா, வளைஞ்சு இருக்கக் கூடாது. அத மோட்டார் இழுக்குது, என்ன வளைச்சாலும் இழுத்துரும். காத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. தட்டையா, மெலிசா இருந்தாத்தான் மெதுவான காத்துலயும் ஓடும். கம்பி மட்டும் புதுசா வாங்குங்க, பழசு வேண்டவே வேண்டாம். மிதவைச் சட்ட குட்டையானது எடுங்க. ஹெல்மெட் உங்க பழசே போதும்."

ஒன்பது வருடச் சாமான்களில் ஹெல்மெட் மட்டும்தான் தேறியது. வாங்கிய கச்சை சரியாக இருந்ததால் அதையும் வைத்துக்கொண்டேன். பூட்ஸ் பலகையை அவனே சென்னையில் ஒருவருக்குத் தள்ளிவிட்டான். கிழிந்த பட்டத்தைச் சாமை நிலத்துக்காரர் கேட்டார். புளி காயப்போட்டிருக்கும்போது மழை வந்தால் மூட நல்ல துணி என்றார். கொடுத்துவிட்டேன்.

புதிய கம்பி வந்ததும் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வரும் புதுக் கருவியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டிக்கினா எத மொதல்ல அவுக்கணும்?"

காட்டினேன்.

"ஒத்தக் கையில முடியுமா? கண்ணத் தொறக்காம?"

கயிற்றைச் சன்னல் கம்பியில் கட்டி, கச்சையில் வளையத்தை மாட்டி, நான் பின்னால் சாய்ந்து நின்றேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் சமையலறையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் "அவுத்துடுங்க" என்பாள். முதல் பத்து முறை கை கம்பியைத்தான் பிடித்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல சிவப்புப் பிடிக்குப் போகப் பழகியது. ஒரு வாரம் இப்படியே போனது. தவறினால் "இன்னொரு தபா" என்பாள். அந்த வாரம்தான் நாங்கள் அந்த வீட்டில் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

ஆனி பிறந்ததும் கடற்கரைக்குப் போனேன். இரண்டு வாரம். நான்கு நாள் தண்ணீரைக் குடித்ததைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. தோள் முழுக்கப் பழைய பழக்கம். இழுப்பு வந்தால் கை உள்ளே இழுக்கும், பட்டம் பாயும், நான் விழுவேன். விழுந்தவுடன் கால் பட்டையிலிருந்து நழுவிப் பலகை தனியாக மிதந்து போகும். எனக்கு அவமானமாக இருக்கும். பூங்காவில் பலகையை விட்டுவிட்டு நீந்துபவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். மூன்றாம் நாள் பட்டம் என்னை முதுகுப்புறமாக இழுத்துப் போனபோது, கால் இரண்டும் தனித்தனியாக உதைக்க முடிந்ததை ஒரு பெரிய கொடையாக உணர்ந்தேன்.

"கம்பிய விடுங்கண்ணே, விடுங்க," என்று அவன் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான்.

ஐந்தாம் நாள் விட்டேன். இரண்டு விரலால் மட்டும் பிடித்தேன். பலகை எழுந்து ஓடியது. எவ்வளவு தூரம் என்று தெரியாது. பூங்காவின் வடம் எங்கே போனாலும் ஆளைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இங்கே காற்று திருப்பிக் கொண்டுவராது. இறங்கிய இடத்திலிருந்து பலகையையும் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தேன். மறுநாளும் நடந்தேன். காற்றுக்கு எதிராகத் திரும்பி வரக் கற்க மீதி நாள் எல்லாம் ஆனது.

அடுத்த வைகாசியிலிருந்து புரட்டாசிவரை வந்து சொல்லிக்கொடுங்கள் என்றான் அவன். மற்ற மாதங்களில் மலையில் இருந்துகொள்ளலாம். ஐந்து மாதம். ஊர் திரும்பும் பஸ்ஸில் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பழைய இறுக்கம் நெஞ்சில் திரும்ப ஏறியது. இந்தமுறை, நான் போனால் இதே இறுக்கம் அவளுக்கு இரண்டு மடங்காகுமே என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

சொன்னேன். அவள் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போங்க. இங்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா எனக்கும் ஆவாது," என்றாள். "ஆனா மாசத்துக்கு ஒரு தபா வரணும். வர்றேன்னு போன்ல சொல்லி ஏமாத்தக் கூடாது."

அடுத்த வருடம் மூன்று வருடம் முடிந்து இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போனாள். கடலோர மாவட்டம் கேட்டாள். அவள் முறை வருவதற்குள் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. வேறு மலையில் ஒன்று இருந்தது. அதற்கு இதுவே மேல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படுக்கை எனக்குத் தெரிந்த படுக்கை.

வைகாசி முதல் வாரம் நான் கிளம்ப வேண்டும். இரண்டு மணி பஸ். நிறுத்தத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒன்றரைக்கு ஏதோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து, போங்க என்று தலையை அசைத்தாள். கண்டக்டர் பையை உள்ளே இழுத்துவைக்கக் கைகொடுத்தார். பஸ் முதல் வளைவு திரும்பும்போது போன் வந்தது. எடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. போளூரில் இறங்கியதும் கூப்பிட்டேன். பெண் குழந்தை, மூன்று கிலோ என்றாள்.